பனி மூடிய வாசல்

பனிமய மாதாவின் பெயரைச் சொல்லாமல் ஒருநாளும் உறங்கப் போகாத குடும்பம் எங்களுடையது. தூத்துக்குடியில் ஆகஸ்டு 5-ஆம் நாள் அன்னையின் திருவிழா வரும்போது, எங்கிருந்தாலும் ஓடிவந்து சேர்ந்துவிடுவோம். ரோமாபுரியில் கடுங்கோடையின் நடுவே எஸ்குலின் குன்றின்மேல் வெண்பனி பொழிந்து, அன்னைக்கு ஆலயம் எழவேண்டிய இடத்தைக் காட்டிற்று என்னும் மரபுக் கதையைச் சிறுவயது முதல் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆயினும் பனி என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான். கையால் அள்ளக்கூடிய பனியை, காலை வழுக்கிவிடும் பனியை, அறுபது வயதைக் கடந்த பின்னரே நாங்கள் கண்டோம். கண்ட விதம் பெருமைப்படத் தக்கதன்று. ஆயினும், எங்களைப்போல் பிள்ளைகளின் வீட்டிற்குக் கடல் கடந்து செல்லும் பெற்றோர் பலர் இவ்விதழை வாசிக்கின்றனர். அவர்களுக்குப் பயன்படலாம் என்றெண்ணி, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே இதனை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செப்டம்பர் மாதத்தில், கனடா நாட்டின் டொராண்டோ நகரில் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் எங்கள் மகனின் வீட்டிற்குச் சென்றோம். அங்கே வீட்டின் முகப்பிலிருந்து தெருவரை வாகனம் வந்து நிற்பதற்கென்று ஒரு பாதை இருக்கிறது. டிரைவ்வே என்பது அதன் பெயர். மகனின் வீட்டுப் பாதை தார் போட்டது. 3 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் இருக்கும். நம் ஊரில் முற்றமும் வாசலும் எப்படியோ, அங்கே அந்தப் பாதை அப்படி. கடிதம் கொண்டுவருபவரும், விருந்தினரும், நோயாளியை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்சும் அதன் வழியாகவே வரவேண்டும்.

நாங்கள் சென்ற வாரத்தில் வெயில் இதமாக இருந்தது. மரங்களின் இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. அந்த இனிய சனிக்கிழமையில் எங்களை எங்கேனும் அழைத்துச் செல்லாமல், மகன் பாதையில் முழங்காலிட்டு, அதிலிருந்த பிளவுகளைக் கம்பித் தூரிகையால் சுரண்டிக்கொண்டிருந்தான். பிளவுகளில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கி, மண்ணைப் பெருக்கி எடுத்து, தார்க்கலவையை ஊற்றி அடைத்தான். மறுவாரம் பாதை முழுவதும் கறுப்புப் பூச்சு ஒன்றைப் பூசி, இரண்டு நாட்கள் எவரும் மிதியாதபடி கயிறு கட்டினான். "இவ்வளவு பணமும் உழைப்பும் ஒரு வண்டி நிற்கும் இடத்திற்கா, தம்பி?" என்று கேட்டோம்.

அவன் சொன்ன விடை எங்கள் மனத்தில் பதிந்துவிட்டது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகுகிறது. மயிரிழை போன்ற பிளவில் இறங்கிய நீர் இரவில் உறைந்து பிளவை அகற்றுகிறது. பகலில் உருகி இன்னும் ஆழத்திற்கு இறங்குகிறது. இரவில் மீண்டும் உறைகிறது. ஒரு குளிர்காலத்தில் இது பலமுறை நடந்துவிடும். இலையுதிர்காலத்தில் விரல் அகலமாயிருந்த பிளவு, வசந்தம் வருமுன் குழியாகிவிடும். பிளவை அடைப்பதும் பூச்சுப் பூசுவதும் இரவும் பகலும் 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் இருக்கும்போதே நன்றாக ஒட்டும். அக்டோபர் நடுவில் நினைத்துக்கொண்டால் காலம் கடந்துவிடும். பூச்சை ஆண்டுதோறும் பூச வேண்டுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். பிளவை மட்டும் ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும்.

அடுத்து அவன் கவனித்தது கூரையின் மழைநீர்க் குழாயை. அதன் வாய் பாதையை நோக்கியிருந்தது. கூரைமேல் கிடக்கும் பனி பகலில் உருகிக் குழாய் வழியாகப் பாதைக்கு வந்தால், அந்தி சாய்ந்ததும் அது கண்ணாடிப் பாளம் போல் உறைந்துவிடும். ஆகவே ஒரு நீட்டுக்குழாயைப் பொருத்தி, நீரைப் புல்வெளிப் பக்கம் திருப்பிவிட்டான். பின்னர் உதிர்ந்த இலைகளையெல்லாம் வாரினான். நிலம் இறுகுமுன் பாதையின் இரு ஓரங்களிலும் சிவப்பு நிறக் குச்சிகளை நட்டான். பனி மூடிய பிறகு பாதை எது, புல்வெளி எது என்று தெரியாதாம்.

கடைசியாக, பனி தள்ளும் அகன்ற ஷவல் ஒன்றும் இரண்டு மூட்டை உப்பும் வாங்கி வந்தான். உப்பைக் கண்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்பளங்களின் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு உப்பு வேடிக்கையா! கடல் நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு, பாளம் பாளமாக வாரிக் குவிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒன்டாரியோ மாநிலத்திலோ உப்பை நிலத்துக்கு அடியிலிருந்து வெட்டி எடுக்கின்றனர். காடரிச் என்னும் ஊரில், ஹியூரன் ஏரியின் அடியில் 500 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உள்ள சுரங்கமே உலகின் மிகப் பெரிய உப்புச் சுரங்கமாம். உணவுக்குச் சுவையூட்டும் உப்பு அங்கே தெருவில் இறைபடுகிறது. உப்புக் கலந்த நீர் சாதாரண நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும் என்பதே அதற்குக் காரணம்.

அந்த உப்பையும் அளவறிந்தே இட வேண்டும் என்று மகன் சொன்னான். 20 அடி நீளமுள்ள பாதைக்கு ஒரு காபிக் கோப்பை உப்புப் போதும். முதலில் பனியைத் தள்ளிவிட்டு, எஞ்சிய மெல்லிய படலத்தின்மேல் பரவலாகத் தூவ வேண்டும். பூஜ்யத்திற்குக் கீழ் 10 டிகிரிக்கு மேல் குளிர் இறங்கிவிட்டால் சாதாரண உப்பு ஏறக்குறைய செயலற்றுவிடும். அப்போது மணலைத் தூவினால் காலுக்குப் பிடிப்புக் கிடைக்கும். புதிதாக இட்ட காங்கிரீட் தளத்தில் முதல் குளிர்காலத்தில் உப்பே போடக்கூடாது. மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். சாலைகளில் பெருமளவில் கொட்டப்படும் உப்பு நன்னீர் உயிர்களுக்கும் செடிகொடிகளுக்கும் கேடு செய்கிறது என்று 2001-ஆம் ஆண்டிலேயே கனடா அரசின் மதிப்பீடு முடிவு செய்தது. பனி உருகி ஓடிய பின்னும் உப்பு ஏரியிலும் கிணற்றிலும் தங்கிவிடுகிறதன்றோ!

இத்தனையும் நாங்கள் கேட்டோம். கேட்டும், வேண்டிய நேரத்தில் மறந்தோம்.

நவம்பர் மாதத்தில் ஓர் இரவு முதல் வெண்பனி விழுந்தது. மழைக்கு ஓசையுண்டு, இதற்கு ஓசையில்லை. விடியலில் திரையை விலக்கிய நாங்கள் ஒரு சொல்லும் பேசாமல் நெடுநேரம் நின்றோம். அன்னையின் பெயர் எங்கள் இருவர் வாயிலும் ஒரே வேளையில் வந்தது.

ஆனால் அதை அள்ளியவர்களே அதன் எடையை அறிவர். மகனின் பாதையில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால், அது 6 கன மீட்டர். புதிதாக விழுந்த இலேசான பனி என்றாலும் ஏறக்குறைய 600 கிலோ இருக்கும். ஈரப்பனியாயின் இரு மடங்கு. ஆகவே மகன் முழுப் பனியும் விழுந்து ஓயட்டும் என்று காத்திருப்பதில்லை. விழ விழ இரண்டு மூன்று தடவையாகத் தள்ளிவிடுவான். வண்டிச் சக்கரம் ஏறி அழுத்துமுன் தள்ளுவான். தூக்கி எறியாமல் தள்ளியே ஓரம் சேர்ப்பான். எங்களுள் மூத்தவர் உதவிக்கு ஷவலைக் கையில் எடுத்தபோது, "வேண்டாம் அப்பா" என்று பிடுங்கிக்கொண்டான். கடுங்குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். கைகளால் செய்யும் திடீர்க் கடும் உழைப்பு இதயத்திற்குச் சுமையேற்றும். கியூபெக் மாநிலத்தில் 1981 முதல் 2014 வரையிலான குளிர்காலங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், 20 சென்டிமீட்டர் பனி விழுந்த மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று கண்டிருக்கின்றனர். பிள்ளையின் கடுமையில் இருந்தது அன்பு என்று பிறகுதான் தெரிந்தது.

அள்ளிய பனியை எங்கே போடுவது என்பதிலும் ஒரு நீதி உண்டு. தெருவில் தள்ளுவது அம்மாநிலத்தில் சட்டத்திற்கு விரோதம். பக்கத்து வீட்டு எல்லையில் தள்ளுவது சட்டத்தைவிடப் பெரிய ஒன்றுக்கு விரோதம். நகராட்சியின் பனி தள்ளும் வண்டி தெருவைச் சுத்தம் செய்துகொண்டு போகையில், ஒவ்வொரு வீட்டுப் பாதையின் வாயிலும் ஒரு வரப்பை விட்டுச் செல்லும். அது கல்லும் சேறும் கலந்து இறுகிய பனி. சில மணி நேரம் விட்டுவைத்தால் பாறையாகிவிடும். வண்டி வரும் திசையை அறிந்து, தெருவைப் பார்த்து நின்றால் வலப்பக்கமாகத் தன் பனியைக் குவித்து, இடப்பக்கத்தில் சிறிது இடத்தைக் காலியாக விட்டால், அந்த வரப்பு பாதைவாயில் சற்றுக் குறைவாக விழும். திருவருகைக் காலத்து ஞாயிறு பூசையில், ஸ்நாபக அருளப்பர் பாதைகளைச் செம்மையாக்கவும் மேடுகளைத் தாழ்த்தவும் அழைத்த வாசகத்தைக் கேட்டபோது, அந்த வரப்பே எங்கள் கண்முன் நின்றது. அறுபது ஆண்டுகளாகக் கேட்ட வாசகத்தில் மண்வெட்டியின் ஓசை இருப்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அடுத்த வாரத்தில்தான் அந்தக் காரியம் நடந்தது.

அன்று காலை குளிர் பூஜ்யத்திற்குக் கீழ் 6 டிகிரி. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டனர். வாசற்படியின் கீழே, பாதையின் தலைப்பில், முந்திய நாள் உருகிய பனி ஒரு முறத்தளவு உறைந்து கிடந்தது. அதைக் கண்டு எங்கள் கை சும்மா இருக்கவில்லை. வாசலைத் தெளித்துப் பெருக்கிப் பழகிய கையன்றோ! எங்களுள் ஒருவர் — யார் என்று இங்கே சொல்வதற்கில்லை — அடுப்பில் பெரிய பாத்திரம் நிறைய நீரைக் கொதிக்கவைத்து, அதன்மேல் ஊற்றினார். ஆவி எழுந்தது, பனிக்கட்டி மறைந்தது. வேலை முடிந்தது என்று மகிழ்ந்து கதவைச் சாத்தினோம். ஊற்றிய நீரோ பாதையின் சரிவில் பரவி ஓடி, சில நிமிடங்களில் ஒரு முறத்தளவு இருந்ததை ஒரு பாய் அளவாக்கி உறைந்தது. கறுப்புத் தாரின்மேல் உறைந்த தெளிந்த நீர் கண்ணுக்குத் தெரியாது.

நண்பகலில் கதவுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மையார் பாதையில் விழுந்து கிடந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். இத்தாலியிலிருந்து இளவயதில் குடியேறியவர். கணவரை இழந்து தனியே வாழ்பவர். நாங்கள் ஊரிலிருந்து வந்திருப்பதை அறிந்து, கிறிஸ்துமஸ் காலத்தில் அவர்கள் செய்யும் இனிப்பு ரொட்டி ஒன்றை எடுத்துவந்திருந்தார். ரொட்டி ஒரு பக்கம் கிடந்தது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அன்று மாலை மருத்துவமனையிலிருந்து திரும்பிய மகன், பாதையில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். "காலையில் அவசரத்தில் இந்த இடத்தில் உப்புத் தூவ மறந்துவிட்டேன் போலிருக்கிறது. என் குற்றம்தான்" என்றான். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? இன்று நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. தன் வாசலுக்கு வருபவருக்குத் தீங்கு நேராதபடி நியாயமான கவனம் எடுத்துக்கொள்வது வீட்டுக்காரரின் கடமை என்று அம்மாநிலச் சட்டம் கூறுகிறது. வழக்கு வருமோ என்னும் அச்சம் ஒன்று. ஊரிலிருந்து வந்த பெற்றோர் பிள்ளைக்குப் பாரமாகிவிட்டனர் என்று மருமகள் எண்ணுவாளோ என்னும் கூச்சம் மற்றொன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர்கள் பிள்ளையின் முன் தவறை ஒப்புக்கொள்வதா என்னும் அகந்தை. மூன்று நாட்கள் அவன் தன்னை நொந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டே உண்டோம், உறங்கினோம். நீரை ஊற்றியவர் ஒருவர், மறைத்தவர் இருவர்.

சனிக்கிழமை மாலை, கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்வதற்காகத் தமிழ்க் குருவானவர் ஒருவர் வந்திருந்த ஆலயத்திற்கு மகன் எங்களை அழைத்துச் சென்றான். இருவரும் தனித்தனியே சென்று முழங்காலிட்டோம். குருவானவர் எங்களைக் கண்டிக்கவில்லை. இறைவனிடம் சொல்லியாயிற்று, இனி அந்த அம்மையாரிடமும் மகனிடமும் சொல்ல வேண்டாமா என்று மட்டும் இருவரிடமும் கேட்டார். வெளியே வந்தபோது பனி தூறிக்கொண்டிருந்தது. வண்டி வீடு சேருமுன் மகனிடம் சொல்லிவிட்டோம். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முதல் நாளே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றான். அவ்வளவுதான். அதைவிடக் கடுமையாக ஏசியிருந்தாலும் தாங்கியிருப்போம்.

மறுநாள் பூசை முடிந்து மூவரும் பக்கத்து வீட்டுக்குச் சென்றோம். எங்களுக்கு அவருடைய மொழி தெரியாது. அவருடைய ஆங்கிலமும் எங்களுடையது போலவே முடமானது. மகன் எடுத்துச் சொன்னான். அம்மையார் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். வந்த புதிதில் தாமும் அதையே செய்ததாகவும், அன்று விழுந்தது தம் கணவர் என்றும் கூறினார். நாங்கள் எதிர்பார்த்த சிரிப்பு அவர் முகத்தில் வரவில்லை, வலி இருந்தது. பிறகு ஜன்னல் வழியே தம் வாசலைக் காட்டினார். இரண்டு நாள் பனி அள்ளப்படாமல் கிடந்தது. இந்தக் கையால் தம்மால் இயலாது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நாங்கள் வேண்டிச் சென்ற மன்னிப்பு ஒரு வேலையாகக் கையில் கிடைத்தது. அன்று முதல் மகன் தன் பாதையோடு அந்தப் பாதையையும் தள்ளினான். பின்னால் எங்களுள் ஒருவர் காபிக் கோப்பையில் உப்பை அளந்து தூவ, மற்றவர் படிகளைத் துடைப்பத்தால் பெருக்கினார். ஒரே நாளில் பெரும்பனி வந்தபோது மருமகளும் சேர்ந்துகொண்டாள். கட்டை அவிழ்க்க ஆறு வாரங்கள் ஆயின. அவிழ்த்த பின்னும் நாங்கள் நிறுத்தவில்லை. பனி நின்றபோதுதான் நிறுத்தினோம். வசந்தத்தில் மகன் இரு பாதைகளையும் நன்றாகக் கழுவி, புதிய பிளவுகள் எங்கெங்கே என்று சுண்ணக்கட்டியால் குறித்துவைத்தான். செப்டம்பருக்கு முன் பார்க்க வேண்டுமல்லவா!

ஊர் திரும்புமுன் அம்மையாரிடம் விடைபெறச் சென்றோம். எங்கள் ஜெபமாலைப் பையிலிருந்த பனிமய மாதாவின் சிறு படத்தை அவரிடம் கொடுத்தோம். மகன் பெயரின் பொருளைச் சொன்னதும், "மடோன்னா டெல்லா நேவே" என்று கூறிப் படத்தை முத்தமிட்டார். பனியின் மாதா என்பதை அவருடைய மொழியில் அவ்வாறு சொல்வர். பனியே விழாத எங்கள் கடற்கரையிலும் அன்னைக்கு அப்பெயர் உண்டு என்பது அவருக்கு வியப்பு. பனியோடு வாழ்கிறவர்களும் அதே பெயரால் அழைக்கின்றனர் என்பது எங்களுக்கு ஆறுதல்.

அன்புள்ள வாசகர்களே, தூத்துக்குடியில் நம் வாசலில் பனி விழப்போவதில்லை. ஆயினும் நாம் ஊற்றிவிட்டு மறந்த நீர் எத்தனை வீட்டு வாசல்களில் உறைந்து கிடக்கிறதோ! குடும்பங்களில் மயிரிழை போன்ற பிளவுகள் உண்டு. வெயில் இருக்கும்போதே அடைத்துவிட்டால் அவை குழியாவதில்லை. சொல்ல வேண்டியதை அன்றே சொல்லிவிட்டால் ஷவலால் தள்ளிவிடலாம். தள்ளிப்போட்டாலோ அது பாறையாக இறுகும். உப்பையும் அறிவுரையையும் அளவோடு தூவுவோம். நம் வாசலைச் சுத்தம் செய்து அள்ளியதைப் பக்கத்து வீட்டு வாசலில் போடாதிருப்போம்.

இன்று காலையும் எங்கள் வீட்டு வாசலைத் தெளித்துப் பெருக்கினோம். பெருக்கி முடித்து, துடைப்பத்தோடு அடுத்த வீட்டுப் படிவரை போய்வந்தோம். பனிமய அன்னை நம் வாசல்களையும், அவற்றை நாடி வருகிறவர்களின் கால்களையும் காப்பாராக!